சிமெண்டுக்கு அழுகை வந்த புதன்கிழமை

அவருடைய கல்யாணப் படத்தில் அவர்தான் மாப்பிள்ளை என்பதைப் பக்கத்தில் மணப்பெண் நிற்பதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முகத்தை மட்டும் வெட்டியெடுத்தால் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ஒட்டிவிடலாம். படம் எடுத்தவர் கொஞ்சம் சிரிக்கச் சொல்லி நாலு முறை கேட்டாராம். நாலு முறையும் தான் சிரித்துக்கொண்டுதான் இருந்ததாக அவர் இன்றைக்கும் சாதிக்கிறார்.

மருத்துவக் கல்லூரியின் உடலியல் துறையில் அவர் கருவி மெக்கானிக். வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதம், தலைக்கு மேலிருந்த கண்ணாடி அலமாரி சுவரோடு பெயர்ந்து அவர் காலடியில் விழுந்து நொறுங்கியது. அறையில் இருந்தவர்கள் அலறிக்கொண்டு வெளியே ஓடினார்கள். அவர் ஓரடி பின்னால் நகர்ந்து, சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்து, மூன்று ஆணி போட வேண்டிய இடத்தில் ஒன்றுதான் போட்டிருக்கிறார்கள் என்றார். அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டோடு நின்றுபோனது. மற்ற எல்லோருக்கும் அவர் சிமெண்ட்.

அவருக்குள் ஒன்றுமில்லை என்று யாராவது நினைத்தால் தப்பு. உள்ளே எல்லாம் இருந்தது. வெளியே வரும் வழிதான் எங்கேயோ அடைத்துக்கொண்டிருந்தது. வீட்டின் முன்னறையில் தையல் எந்திரம் போட்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு உடை தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி, பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் அந்த மனிதரைப் படிக்க வேறு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். சந்தோஷமாக இருந்தால் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். கோபமாக இருந்தால் வீட்டிலுள்ள கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விடுவார். ஒருமுறை பெரிய சண்டை வந்து, ஒரு வாரத்துக்கு அந்த வீட்டில் எந்தக் கதவைத் திறந்தாலும் சத்தமே கேட்கவில்லை.

கல்லூரிக்கு எதிர்ச்சாரியில் ஒரு நாடகப் பள்ளி இருந்தது. இரண்டுக்கும் கேண்டீன் பொது. சண்டை அங்கேதான் ஆரம்பித்தது. ஒரு பக்கம் உடலியல் பேராசிரியை. குள்ளமாக, விறுவிறுவென்று இருப்பார், எதிரே பேசுகிறவர் நிமிடத்துக்கு எத்தனை முறை கண் சிமிட்டுகிறார் என்று பேச்சினூடே எண்ணிக்கொண்டிருப்பார். இன்னொரு பக்கம் நாடக வாத்தியார். தாடி, தோள்பை, மேடையில்லாத இடத்திலும் மேடைக்குரல். சோகம் வேண்டுமென்றால் உன் சொந்தச் சோகத்தைத் தோண்டி எடு என்பது வாத்தியாருடைய பாடம். அவருடைய மாணவன் ஒருவன் சின்ன வயதில் செத்துப்போன தன் நாயை நினைத்துத்தான் எல்லா நாடகத்திலும் அழுதுகொண்டிருந்தான். எண்பது காட்சிவரை அந்த நாய் தவறாமல் செத்து உதவியது. எண்பத்தோராவது காட்சியில் கண்ணில் பொட்டுத் தண்ணீர் வரவில்லை. கேட்டதற்கு, இப்போதெல்லாம் அந்த நாயின் மேல் எரிச்சல்தான் வருகிறது என்றானாம்.

இதைச் சொல்லி வாத்தியார் வருத்தப்பட, பேராசிரியை சிரித்துவிட்டார்.

"நினைப்பு தேய்ஞ்சு போகும் சார். மூச்சு தேயாது. அழறவன் எப்படி மூச்சு விடறான், தோளை எங்க வெச்சிருக்கான், கண்ணு எங்க இருக்குன்னு அளந்து எடுத்துட்டா, அதையே திருப்பிச் செய்யவெச்சு அழுகையை வரவழைக்கலாம்."

"அளந்து எடுக்க அழுகை என்ன துணியா?" என்றார் வாத்தியார்.

அளந்துவிடுவது என்று முடிவாயிற்று. நாடகப் பள்ளி மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து ஓர் அறையில் உட்கார்ந்து, தங்கள் வாழ்க்கையில் மறக்க முடியாத அழுகையை, கோபத்தை, சிரிப்பை, பயத்தை, பாசத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். மார்பிலும் வயிற்றிலும் ஒவ்வொரு பட்டை, விரல் நுனியில் ஒரு கவ்வி. கம்பி சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகும். அங்கே ஓடுகிற காகிதத்தின் மேல் நாலு பேனாக்கள் மூச்சையும் நாடித்துடிப்பையும் வியர்வையையும் கோடாக இழுத்துக்கொண்டிருக்கும். அந்த எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து மை ஊற்றி, காகிதம் மாட்டி, பேனா சிக்கினால் தட்டிவிடுவது சிமெண்டின் வேலை. வாங்கிய பட்டைகள் நழுவுகின்றன என்று அவர் வீட்டில் சொல்ல, மனைவி எலாஸ்டிக்கும் கொக்கியும் வைத்து எட்டுப் பட்டை தைத்துக் கொடுத்தாள்.

ஒன்றரை வருடம் இது நடந்தது. எந்தக் கோடு எந்த உணர்ச்சி என்று பேராசிரியை தன் நோட்டில் மட்டும் குறித்து வைத்தார். சிமெண்டுக்கு எண்கள்தான் தெரியும். ஒன்றாம் எண்ணில் மூச்சு படிப்படியாக ஏறி ஒரே சறுக்கலாக இறங்கும். இரண்டு, ரம்பப் பல். மூன்றில் ஒரே ஏற்றம், இறங்கும்போது துண்டு துண்டாக இறங்கும். நாலு மேலேயே நடுங்கிக்கொண்டு நிற்கும். ஐந்து மட்டும் காற்றில்லாத நாளில் ஏரித் தண்ணீர்போல மெல்ல ஏறி மெல்ல இறங்கும். அடுத்த அறையிலிருந்து விசும்பலும் கூச்சலும் கேட்கத்தான் செய்தன. கேண்டீனிலும் அந்தப் பிள்ளைகள் அப்படித்தான் என்பதால் அவர் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதிசயம் என்னவென்றால், ஆள் வேறு, நினைப்பு வேறு என்றாலும் ஒரே உணர்ச்சிக்குக் கோடு ஏறக்குறைய ஒரே மாதிரி விழுந்தது. நாயை நினைத்தவனுக்கும் பாட்டியை நினைத்தவளுக்கும் அதே படிக்கட்டு, அதே சறுக்கல். பேராசிரியை காகிதச் சுருள்களைத் தரை முழுக்க விரித்து வைத்துக் குழந்தைபோல அவற்றின் நடுவில் உட்கார்ந்திருந்தார். இனி தலைகீழாகச் செய்து பார்க்க வேண்டியதுதான்: நினைப்பு வேண்டாம், மூச்சை மட்டும் கொடுப்போம்.

வாத்தியார் விடவில்லை. "இவங்க நடிகருங்க மேடம். மூக்கால இழுன்னு நீங்க சொன்னதுமே எதுக்குன்னு மோப்பம் புடிச்சிடுவாங்க. நடிப்பே வராத ஆளா ஒருத்தரைப் பிடிச்சு வரவெச்சுக் காட்டுங்க, ஒத்துக்கறேன்."

 இரண்டு பேரும் ஒரே சமயத்தில், எந்திரத்துக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தவர் பக்கம் திரும்பினார்கள்.

அது ஒரு புதன்கிழமை காலை. சிமெண்டை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் மனைவி தைத்த பட்டையை அவருக்கே மாட்டினார்கள். மூக்கால் விட்டுவிட்டு இழுக்க வேண்டும், வாயால் மொத்தமாக விட வேண்டும், தோள் தொங்க வேண்டும், பார்வை தரையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் சொன்னார்கள். எதற்கு என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. எந்திரத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அவருடைய கவலை. சொன்னதைச் சொன்னபடி செய்வது அவர் குணம். திருகாணியை இரண்டே கால் சுற்றுச் சுற்று என்றால் இரண்டே கால் சுற்றுகிறவர், மூச்சையும் அப்படியே இழுத்தார்.

நாலாவது நிமிடம் அவர் மோவாய் ஆட ஆரம்பித்தது. அவர் அதைக் கவனித்தார். உதடு தன்னிஷ்டத்துக்குக் கோணுவதையும் கவனித்தார். பட்டையில் மின்சாரம் கசிகிறது என்ற முடிவுக்கு வந்தார்.

"மேடம், எர்த் சரியில்ல போலிருக்கு" என்று சொல்லிவிட்டு, ஓவென்று அழுதார்.

பேராசிரியை மெதுவாகக் கேட்டார்: "இப்ப உங்களுக்கு என்ன ஞாபகம் வருது?"

"ஒண்ணும் வரல மேடம். ரெண்டாவது பேனால மை கம்மியா இருக்கு, அது மட்டும்தான்" என்று சொல்லி இன்னும் பலமாக அழுதார்.

வாத்தியார் கையில் கிடைத்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தன் முப்பது வருடப் பாடத்தைச் சுவரிலிருந்து யாரோ ஆணியோடு பிடுங்கியதுபோல இருந்தது அவருக்கு.

அதோடு விட்டிருக்கலாம். பேராசிரியைக்கு ஆசை பிடித்துக்கொண்டது. கையோடு இரண்டாம் எண்ணையும் கொடுத்தார். மூன்று நிமிடத்தில் சிமெண்ட் பல்லைக் கடித்தபடி எழுந்து நின்று, எந்திரத்தின் மேல் தேநீர்க் கோப்பையை வைக்கக் கூடாது என்று ஒன்றரை வருடமாகச் சொல்ல நினைத்ததை வாத்தியாரின் முகத்துக்கு நேரே சொன்னார். மூன்றாம் எண்ணில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். துறையே வாசலில் கூடிவிட்டது. சிமெண்ட் சிரிப்பதைப் பார்க்க உடற்கூறியல் துறையிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். பேராசிரியை காகிதத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்கு ஓடினார். வாத்தியார் காற்று வாங்கப் போனார். நாற்காலியில் இருந்தவரை யாரும் நினைக்கவில்லை. அவர் தானே பட்டையைக் கழற்றி, மடித்து வைத்து, அறையைப் பூட்டி, பேருந்து ஏறினார்.

பேருந்தில் அழுகை திரும்ப வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி எழுந்து இடம் கொடுத்தாள். நன்றி சொல்லப் போனவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டாள்.

வீட்டில் மனைவி ஒரு வாடிக்கைக்காரிக்கு அளவு சரிபார்த்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள். வாசலில் கண்ணீரும் மூக்குமாக அவர் நிற்பதைப் பார்த்ததும் அவள் வாயில் கவ்வியிருந்த குண்டூசிகள் தரையில் விழுந்தன. வாடிக்கைக்காரி பாதி ஊசி குத்திய சட்டையோடு பக்கவாட்டில் நடந்து வெளியேறினாள்.

"யாரு?" என்றாள் மனைவி. பன்னிரண்டு வருடத்தில் இந்த மனிதர் அழுது அவள் பார்த்ததில்லை. யாரோ போய்விட்டார்கள் என்றே நினைத்தாள்.

"யாருமில்ல."

"வேலை போச்சா?"

"இல்ல. எர்த்து..." என்று தொடங்கியவர் சிரிக்க ஆரம்பித்தார்.

அவள் தன் அண்ணனுக்குப் போன் போட்டாள். இந்த அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டே நாளில் திருப்பித் தருகிறேன் என்று சிமெண்டின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு போய்ப் பதினோரு மாதமாக ஓட்டிக்கொண்டிருந்தவர். அந்த ஸ்கூட்டரிலேயே வந்து இறங்கினார். சிமெண்ட் எதுவும் யோசிக்கவில்லை. ஆனால் ஸ்கூட்டர் கண்ணில் பட்ட நேரம், காலையில் பழகிய இரண்டாம் எண் மூக்குக்குள் தானாக ஓட ஆரம்பித்தது. கன்னத்தில் கண்ணீர், மூக்கில் சீற்றம், பல் இறுகியிருக்கிறது. மைத்துனர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"மாப்பிள்ளை, வண்டிதானே? வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. இதுக்குப் போயி மனசுக்குள்ள வெச்சு இப்படி..."

சாவியை மேஜையில் வைத்தார். இருக்கையைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். தண்ணீர்கூடக் குடிக்காமல் நடந்தே பேருந்து நிறுத்தத்துக்குப் போனார்.

மறுநாள் காலை சிமெண்டுக்கு அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. காய்ச்சல் விட்டதுபோல உடம்பு துவண்டிருந்தது. மனைவி தையலை மூடிவைத்துவிட்டு அவரோடு கல்லூரிக்குக் கிளம்பினாள். பேராசிரியை முகமெல்லாம் மலர்ச்சியாக வரவேற்று, உங்கள் கணவர் விஞ்ஞானத்துக்குப் பெரிய உதவி செய்திருக்கிறார் என்றார்.

"செய்யட்டும்மா. காலைல நான் அனுப்பின ஆள் வேற. சாயங்காலம் நீங்க திருப்பி அனுப்பின ஆள் வேற. உள்ள போறதுக்கு வழி கண்டுபிடிச்சீங்க, வெளிய வர வழி எங்க?"

பேராசிரியை தன் நோட்டைப் புரட்டினார். அந்தக் கேள்வி அவர் நோட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை. நடிகர்கள் தானாக வெளியே வந்துவிடுகிறார்களே என்று வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் தாடியைத் தடவிக்கொண்டு உண்மையைச் சொன்னார்: அவர்களும் வருவதில்லை. சோக நாடகம் முடிந்தால் இரண்டு நாள் யாரோடும் ஒட்டாமல் திரிவார்கள். ராணி வேடம் போட்ட ஒருத்தி மூன்று மாதம் வீட்டில் எல்லோரையும் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதையெல்லாம் கலை என்று நினைத்து விட்டுவிட்டேன் என்றார்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. தினம் ஆறு மணி நேரம் தையல் எந்திரத்தில் குனிந்திருந்துவிட்டு எழுந்து நேரே அடுப்படிக்குப் போனால் குழம்பில்கூடத் தையல்காரியின் சிடுசிடுப்பு இறங்கும். அதற்காக அவள் ஒன்று செய்வாள். எழுந்து நின்று செய்தும் காட்டினாள்: கால் இரண்டையும் அகட்டி நின்று, கையை மேலே கோத்து, ஒரே சீராக மூன்று மூச்சு. பிறகு இரண்டு உள்ளங்கையாலும் நெற்றியிலிருந்து மோவாய்வரை முகத்தை வழித்துவிட்டு, ஈரம் உதறுவதுபோலக் கையை உதறினாள். முடிந்தது.

பேராசிரியை சிமெண்டைத் திரும்ப உட்காரவைத்தார். மனைவி பக்கத்திலேயே காவலுக்கு நின்றாள். ஒன்றாம் எண், அழுகை வந்தது. பிறகு எழுந்து நின்று மூன்று மூச்சு, முகத்தை வழித்தல், உதறல். முதல் முறையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இரண்டாம் முறையில் நாலு பேனாவும் பழைய சீரான கோட்டுக்குத் திரும்பின. சிமெண்ட் முகத்தில் பழையபடி ஒன்றுமில்லை. "இதான் எங்க ஆளு" என்றாள் மனைவி.

அடுத்த சில மாதங்களில் முப்பது பேரிடம் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். பேராசிரியை தன் கட்டுரையில் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்தார். நாடகப் பள்ளியில் அதற்குப் பெயர் தையல். ஒத்திகை முடிந்து யாராவது முறைத்துக்கொண்டு போனால், "போய்த் தையல் போட்டுட்டு வா" என்பார்கள்.

கட்டுரை வெளியானதும் வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து கனத்த கண்ணாடி போட்ட ஒரு ஆய்வாளர் வந்தார். எதையும் நம்புவதில்லை என்பதையே வேலையாக வைத்திருந்தவர். ஒன்றரை வருடம் பக்கத்து அறையில் உட்கார்ந்து சத்தம் கேட்ட ஆளுக்கு எது அழுகை, எது சிரிப்பு என்று மனதின் அடியில் தெரிந்திருக்காதா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவரே ஒரு சோதனையும் வைத்தார். படிக்கட்டையும் ரம்பத்தையும் கலந்து ஒரு பொய் மூச்சைத் தயாரித்து, இது சந்தோஷத்துக்கான மூச்சு என்று சிமெண்டிடம் சொல்லிவிட்டுச் செய்யவைத்தார். சிமெண்ட் பத்து நிமிடம் சிரத்தையாகச் செய்தார்.

"என்ன தோணுது?"

"தலை சுத்துது."

"சந்தோஷம் ஏதாவது?"

"நிறுத்தினா சந்தோஷம்தான்."

பிறகு எதுவும் சொல்லாமல் ஐந்தாம் எண்ணைக் கொடுத்தார்கள்: மூச்சு மெல்ல, தலை லேசாகச் சாய்ந்து, உதட்டோரம் தளர்ந்து. அதுவரை யாரும் சிமெண்டுக்கு அதைக் கொடுத்ததில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் அந்த ஆய்வாளரைக் கனிவோடு பார்க்க ஆரம்பித்தார். அவர் சட்டைத் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டார். வெளியூரிலிருந்து வந்திருக்கிறீர்களே, சாப்பிட்டீர்களா என்று கேட்டார். ஆய்வாளர் கனத்த கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இன்னும் சாப்பிடவில்லை என்று ஒப்புக்கொண்டார். விஷயம் இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவும் சரியாகத்தான் இருந்தது. பத்துப் பேரில் இரண்டு மூன்று பேருக்கு ஒன்றுமே நிகழவில்லை. சிமெண்டின் மனைவி அவர்களில் ஒருத்தி. எந்த எண்ணைக் கொடுத்தாலும் கொட்டாவிதான் விட்டாள். பேராசிரியை அதையும் மறைக்காமல் எழுதினார்.

நாடகப் பள்ளி அந்த முறையைப் பாடத்தில் சேர்த்தது. சொல்லிக்கொடுக்கத் துல்லியமாகத் தெரிந்தவர் ஒரே ஆள்தான் என்பதால், சனிக்கிழமைகளில் சிமெண்ட் வகுப்பெடுத்தார். அவர் பாடத்தில் ஆன்மா, ஆழம் எதுவும் வராது. தோளை ரெண்டு நூல், அதாவது கால் அங்குலம் இறக்கு, பார்வை ஒரு அடி முன்னால, மூச்சு மேல தட்டுது, வயித்துக்கு இறக்கு என்பார். பிள்ளைகள் அழுதார்கள். தையல் போட்டுவிட்டுக் கேண்டீனுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். சில வருடங்களில் அவர்கள் நாலு திசைக்கும் போய் வேறு பள்ளிகளில் அதையே சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு நர்சுகள் வந்தார்கள், தொலைபேசியில் புகார் கேட்கிறவர்கள் வந்தார்கள். அவர்களுக்கு உள்ளே போகும் வழி வேண்டியிருக்கவில்லை, வெளியே வரும் வழி மட்டும் போதும் என்றார்கள். வாத்தியார் முழுதாக மாறவில்லை. மூச்சு கதவைத்தான் திறக்கும், உள்ளே போய் என்ன எடுத்துவருவது என்பது உன் பாடு என்று மாணவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் செத்துப்போன நாயை அழுகைக்காக யாரும் மறுபடி தோண்டவில்லை.

வீட்டில்தான் சிக்கல் வந்தது. சிமெண்டுக்கு ஐந்தாம் எண் பிடித்துப்போயிற்று. மாலையில் மனைவி தைக்கும்போது எதிரே உட்கார்ந்து தலையைச் சாய்த்து அவளைப் பார்ப்பார். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் எந்திரத்தை நிறுத்தினாள்.

"இது அஞ்சாம் நம்பர்தானே?"

"ஆமா."

"அப்ப இது உங்களோடதா, ஆய்வுக்கூடத்தோடதா?"

 பொய் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. "ஆரம்பிக்கறப்போ ஆய்வுக்கூடத்தோடது. கொஞ்ச நேரம் கழிச்சு யாரோடதுன்னு எனக்கே தெரியல."

எழுந்து தையல் போடச் சொன்னாள். போட்டார். மூன்று மூச்சு, முகத்தை வழித்து, கையை உதறி, சுவர்போல உட்கார்ந்தார். அவள் முழங்கையை எந்திரத்தில் ஊன்றி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார்: "உனக்குக் கண்ணாடி மாத்தணும். நேத்து ஊசில நூல் கோக்க மூணு தடவ ஆச்சு. முந்தாநாள் ரெண்டு."

அவள் எந்திரத்தை மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள். "சரி, தலையச் சாய்ச்சுக்கோங்க" என்றாள்.

அவர் ஓய்வுபெற்ற வருடம் வாத்தியார் ஒரு நாடகத்தில் அவரை மேடையேற்றினார். மகன் இறந்த செய்தி கேட்டு அழும் தகப்பன் வேடம். மூன்றே வரி வசனம். சிமெண்ட் ஒன்றாம் எண்ணைப் பிடித்தார். அரங்கமே மூக்கை உறிஞ்சியது. மூன்றாவது வரிசையில் மனைவி கொட்டாவியை அடக்கிக்கொண்டு மற்றவர்கள் அழுவதைப் பெருமையோடு திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வசனம் மட்டும் மறந்துபோயிற்று. திரைக்குப் பின்னாலிருந்து வாத்தியார் எடுத்துக்கொடுத்தது அழுகைச் சத்தத்தில் கேட்கவில்லை. சிமெண்ட் மேடை நடுவில் எழுந்து நின்று, கையைக் கோத்து மூன்று மூச்சு விட்டு, முகத்தை வழித்து, உதறி, தெளிவான குரலில் "என்ன சொன்னீங்க சார்?" என்று கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டு திரும்ப உட்கார்ந்து, தோளை இறக்கி, விட்ட இடத்திலிருந்து அழுதார்.

கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. அடுத்த நாடகத்திலும் ஒரு வேடம் இருக்கிறது என்று வாத்தியார் சொன்னபோது, மேடை விளக்குப் பலகையில் இரண்டு சுவிட்ச் சூடாகிறது, தன்னை அங்கே விட்டால் நல்லது என்றார் சிமெண்ட். இப்போது விளக்கு அவர் பொறுப்பு. சனிக்கிழமை வகுப்பும் நடக்கிறது.